முதல் குசினி வேலை: கொழும்பில் அனுபவம் இல்லாமல் தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 19 வயதில் கொழும்புக்கு வந்தவன். கொட்டாஞ்சேனையில் நான்கு பேருக்கு ஒரு அறை. சாப்பாட்டுக் கடையொன்றில் பாத்திரம் கழுவித் தொடங்கினேன். இப்போது ஒரு ஹோட்டலில் செஃப் த பார்ட்டி, அதாவது கிச்சனில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளர். ஊரிலிருந்தும் வெள்ளவத்தை, மட்டக்குளிப் பக்கமிருந்தும் தம்பி தங்கைமார் ஒரே கேள்விகளைத்தான் மாறி மாறிக் கேட்கிறார்கள். ஃபோனில் அவசரமாகச் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதினேன்.

ஹோட்டல் பாடசாலையில் படிக்கவில்லை, அனுபவக் கடிதமும் இல்லை. என்னை எடுப்பார்களா?

எடுப்பார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கை பழகிய சமையல்காரர் நிறையப் பேர் கட்டார், டுபாய், மாலைதீவு என்று கிளம்பிவிட்டார்கள். மேலே ஒருவர் போனால் கீழே நிற்பவர் ஏறுவார். அதனால் கடைசிப் படி அடிக்கடி காலியாகிறது. நீங்கள் தேடுவது அந்தக் கடைசிப் படியைத்தான்.

அந்தப் படிக்கு ஆள் எடுக்கும் செஃப்போ முதலாளியோ உங்கள் கோழிக்கறியின் ருசியைப் பற்றி யோசிப்பதில்லை. கறியைத் தங்கள் முறைப்படி அவர்களே சொல்லித் தருவார்கள். "இந்தப் பிள்ளை நாளைக்கும் வருமா?" என்பதுதான் அவர்களுடைய கவலை. முதல் சம்பளம் வாங்கிய மறுநாள் ஃபோனை அணைத்துவிட்டுப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் வராவிட்டால் அன்றைக்கு அவருடைய வேலையை மற்ற இரண்டு பேர் சுமக்க வேண்டும்.

ஒரு தடவை எங்களிடம் ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சான்றிதழோடு அரை மணித்தியாலம் பிந்தி வந்தார். மற்றவர் வத்தளையிலிருந்து முதல் பஸ் பிடித்து, சொன்ன நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் முன்னதாகவே வாசலில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒன்றும் இல்லை. செஃப் இரண்டாமவரைத்தான் எடுத்தார். அவர் இன்றைக்கும் எங்களோடு நிற்கிறார்.

சின்னக் கடையில் தொடங்குவதா, பெரிய ஹோட்டலில் தொடங்குவதா?

இரண்டிலும் கற்கலாம். கற்பது மட்டும் வேறு வேறு.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, செட்டியார் தெருப் பக்கத்துச் சைவக் கடையில் விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிடும். மாவு அரைத்தாயிற்றா, சாம்பார் கொதிக்கிறதா, தேங்காய் துருவியாயிற்றா என்று நிற்க நேரமிருக்காது. ஒரு வருடத்தில் இட்லி, தோசை, வடை, சொதி, சம்பல் எல்லாம் கைக்கு வந்துவிடும். மருதானை, கொம்பனித்தெருப் பக்கத்து இரவுக் கடைகளில் ரொட்டி பாஸுக்கு, அதாவது ரொட்டி போடும் மாஸ்டருக்கு, பக்கத்தில் நின்றால் மாவு பிசைவது, உருட்டி எண்ணெயில் ஊற வைப்பது, வீசுவது, கொத்துவது என்று ஒரு தனித் தொழிலே கிடைக்கும். நல்ல ரொட்டி பாஸுக்கு இந்த நகரத்தில் வேலை இல்லாமல் போனதை நான் பார்த்ததில்லை. கடைகளில் குறை என்னவென்றால், ஒன்றும் எழுத்தில் இருக்காது. அளவு எல்லாம் மாஸ்டரின் கையில்தான்.

ஹோட்டலில் அதற்கு நேர்மாறு. எல்லாம் எழுத்தில் இருக்கும். ரெசிப்பி அட்டை, ஃபிரிட்ஜின் வெப்பநிலையைக் குறிக்கும் தாள், திகதி ஒட்டிய டப்பா. ஆனால் ஆரம்பத்தில் மூன்று மாதம் கரட்டும் லீக்ஸும் மட்டுமே வெட்டுவீர்கள். அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள்.

அனுபவமில்லாமல் ஹோட்டலுக்குள் போக நான் கண்ட நல்ல வழிகள் இரண்டு. முதலாவது ஸ்டுவர்டிங், அதாவது பாத்திரம் கழுவும் பிரிவு. அங்கே நின்றுகொண்டு கிச்சன் முழுவதையும் பார்க்கலாம். எந்தச் சட்டி எந்தப் பிரிவுக்கு, எந்த செஃப் எப்படி, எந்த நேரத்தில் நெருக்கடி என்று எல்லாம் தெரிந்துவிடும். உங்கள் வேலை முடிந்தபின் "செஃப், வெங்காயம் உரிக்கட்டுமா?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் உள்ளே போனேன். எட்டு மாதம் எடுத்தது.

இரண்டாவது ஊழியர் கெண்டீன். ஹோட்டலில் வேலை செய்கிறவர்களுக்குச் சோறும் கறியும் சமைக்கும் இடம் அது. பளபளப்பு இல்லாததால் பலர் அதை மதிப்பதில்லை. எனக்கு அது பெரிய பள்ளிக்கூடம். நாளுக்கு நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பருப்பு, மீன், ஒரு சுண்டல், ஒரு பால் கறி என்று அதே நேரத்துக்கு இறக்க வேண்டும். ஐந்து பேருக்குச் சமைப்பதும் 300 பேருக்குச் சமைப்பதும் வேறு வேறு வேலை. உப்பு, தண்ணீர், நேரம் மூன்றும் அங்கே வேறு கணக்கில் ஓடும். அந்தக் கணக்கை நான் கெண்டீனில்தான் படித்தேன்.

பேக்கரி, கல்யாணக் கேட்டரிங், ஊபர் ஈட்ஸ், பிக்மீ ஃபூட் ஆர்டருக்கு மட்டும் சமைக்கும் சின்னக் குசினிகள் என்று வேறு வாசல்களும் உண்டு. கேட்டரிங்கில் நாள் கூலிக்கு ஆள் எடுப்பார்கள். சனி ஞாயிறில் மட்டும் போய், இந்த வாழ்க்கை உங்களுக்குச் சரிவருமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வேலை கேட்டு எப்போது, எப்படிப் போவது?

பிற்பகல் 3 மணிக்கும் நாலரைக்கும் இடையில். மதியச் சாப்பாடு முடிந்திருக்கும், இரவு வேலை தொடங்கியிருக்காது. பகல் 12 மணிக்குப் போய் நின்றால் நல்ல மனிதரும் எரிந்து விழுவார். வெள்ளி, சனி வேண்டாம். செவ்வாய், புதன் நல்லது.

கடை என்றால் நேரே முதலாளியிடம் அல்லது காசுமேசையில் இருப்பவரிடம் கேளுங்கள். ஹோட்டல் என்றால் முன் லொபிக்குப் போகாதீர்கள். பின்பக்கம் ஊழியர் வாசல் இருக்கும். அங்கே பாதுகாப்பு ஊழியரிடம், "குசினியில் வேலை இருக்கிறதா என்று கேட்க வந்தேன், யாரிடம் விண்ணப்பம் கொடுக்கலாம்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவரை அலட்சியமாக நடத்தாதீர்கள். எங்கே ஆள் தேவை என்பது பல நேரம் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

டொப்ஜொப்ஸ், இக்மன் போன்ற தளங்களிலும் ஞாயிறு வீரகேசரியிலும் விளம்பரம் வரும், பாருங்கள். ஆனால் எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் முதல் வேலை கிடைத்தவர்கள் பெரும்பாலும் காலால் நடந்து போனவர்கள், அல்லது உள்ளே இருக்கும் ஒருவர் சொல்லிப் போனவர்கள். டிசம்பர் கூட்டத்துக்கு ஒக்டோபர், நவம்பரிலேயே ஆள் சேர்ப்பார்கள். தேதி பார்த்துப் போகிறவருக்கு அது நல்ல காலம்.

ஒரு நாளில் பத்து இடம் ஏறி இறங்க வேண்டாம். மூன்று இடத்துக்குப் போய், ஒரு வாரம் கழித்து அதே மூன்று இடத்துக்குத் திரும்பப் போங்கள். இரண்டாம் தடவை வரும் முகத்தைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

சீவியில், அதாவது சுயவிபரத்தில், எழுத ஒன்றுமே இல்லையே?

இருக்கிறது. கோயிலில் அன்னதானத்துக்கு வெங்காயம் வெட்டியிருக்கிறீர்களா? ஆடிவேலுக்குத் தண்ணீர்ப்பந்தலில் நின்றிருக்கிறீர்களா? கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறியிருக்கிறீர்களா? அம்மாவின் இடியப்ப ஓர்டருக்கு விடிய 4 மணிக்கு எழுந்து மாப்பிழிந்திருக்கிறீர்களா? எத்தனை பேருக்கு, எத்தனை நாள், நீங்கள் செய்தது என்ன என்று எழுதுங்கள். "மூன்று வருடமாக வாரத்தில் ஆறு நாள், காலை 6 மணிக்கு முன் 150 இடியப்பம்" என்ற ஒரு வரி போதும். அதைப் படிக்கும் செஃப் உங்களோடு பேச விரும்புவார்.

ஒரே பக்கம். ஹோட்டலுக்கு ஆங்கிலத்தில், கடைக்கு எதுவும் வேண்டாம். எங்கே தங்கியிருக்கிறீர்கள், எந்த நேரத்திலும் வர முடியுமா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். கொழும்பில் இரவு 11 மணிக்கு வேலை முடிந்து எப்படி வீடு போவீர்கள் என்பது உண்மையான கேள்வி. பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். தெரியாததைத் தெரியும் என்று எழுதாதீர்கள். கத்தியைக் கையில் எடுத்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ட்ரயலுக்கு வரச் சொல்கிறார்கள். என்ன செய்ய வைப்பார்கள்?

பெரும்பாலும் ஒரு மூடை வெங்காயம். சில இடத்தில் உருளைக்கிழங்கு சீவ, மீன் கழுவ, ஒரு ஒம்லட் போட. எவ்வளவு வேகமாக வெட்டுகிறீர்கள் என்று பார்ப்பதாக நீங்கள் நினைப்பீர்கள். நான் ஆள் பார்க்கும்போது கவனிப்பது இதை: வந்ததும் கை கழுவினாரா? வெட்டுப்பலகைக்குக் கீழே ஈரத்துணி விரித்தாரா? துண்டுகள் ஒரே அளவா? தோலைக் குப்பையில் போட்டாரா, மேசையில் பரப்பினாரா? முடிந்ததும் பலகையைத் துடைத்துவிட்டு "அடுத்தது என்ன செஃப்?" என்று கேட்டாரா, அல்லது கையைக் கட்டி நின்றாரா?

விளங்காவிட்டால் கேளுங்கள். கேட்டுவிட்டுச் செய்கிறவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. ஐந்து கிலோவைத் தவறான அளவில் வெட்டி வைத்தால்தான் பிரச்சினை.

ஃபோன் பையை விட்டு வெளியே வரக்கூடாது.

அதற்கு முன் வீட்டில் எதைப் பழகலாம்?

இரண்டே விஷயம். கத்தி, முட்டை.

கத்தி: இடது கை விரல் நுனிகளை உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். கத்தியின் பக்கம் விரல் மூட்டை உரசிக்கொண்டு போக வேண்டும், அப்போது நுனி வெட்டுப்படாது. பெரிய வெங்காயத்தை வேர்ப்பக்கம் வெட்டாமல் இரண்டாகப் பிளந்து, நீளவாக்கில் கீறி, பிறகு குறுக்கே வெட்டினால் கலையாமல் ஒரே அளவுத் துண்டாக விழும். கரட்டில் ஜூலியன் பழகுங்கள். தீக்குச்சியைப் போல, ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்பு, 5 சென்ரிமீற்றர் நீளம். அதே குச்சிகளைக் குறுக்கே வெட்டினால் சின்னக் கட்டிகள், அதற்கு ப்ருனுவாஸ் என்று பெயர். வெட்டியது வீணாகாது, அம்மா சுண்டலுக்குப் போட்டுவிடுவார். ஒரு மாதம் தினமும் அரைக் கிலோ போதும். மொட்டைக் கத்தியில் பழகாதீர்கள், அது வழுக்கி விரலுக்குத்தான் வரும்.

முட்டை: ஹோட்டல் ஒம்லட் சிவக்கக் கூடாது. மஞ்சளாக, உள்ளே மெதுவாக, மடித்த விளிம்பு மூடியிருக்க வேண்டும். நம் வீடுகளில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு முறுகப் பொரிப்போம், அது வேறு ருசி. அடுப்புக்கு விடும் காலம் வந்தால், காலைச் சாப்பாட்டு பஃபேயில் முட்டை போடும் மேசைக்குப் புதியவர்களைத்தான் முதலில் விடுவார்கள். அங்கே விருந்தாளி கண் முன்னால் நிற்பார்.

சிங்களம் சரியாகத் தெரியாது. சமாளிக்கலாமா?

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கிளிநொச்சியிலிருந்து வருகிறவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். சைவக் கடைகளில் தமிழ் போதும். ஹோட்டல் கிச்சனில் பேச்சு சிங்களத்தில் ஓடும், ஓர்டர் ஆங்கிலத்தில் வரும். இலக்கணம் யாரும் பார்க்கமாட்டார்கள். ஐம்பது சொல் தெரிந்தால் முதல் மாதம் தாண்டிவிடலாம்.

முதலில் இரண்டு சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள். லுணு என்றால் உப்பு. லூனு என்றால் வெங்காயம். நெடில் ஒன்றுதான் வித்தியாசம், அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். எங்களிடம் வந்த ஒரு தம்பி உப்புக் கேட்டதற்கு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். சுது லூனு என்றால் உள்ளி. பிஹிய, கத்தி. வத்துர, தண்ணீர். இக்மனட்ட, கெதியாக. ரஸ்னெய், சூடு. கொதிக்கும் சட்டியோடு ஒருவர் "ரஸ்னெய்!" என்று சத்தமிட்டால் உடனே விலகுங்கள். பின்னால் நடக்கும்போது நீங்களும் குரல் கொடுக்க வேண்டும். கத்தியோ சூடோ கையில் இருக்கும்போது சத்தமில்லாமல் யாருக்குப் பின்னாலும் போகக் கூடாது.

எல்லாவற்றையும்விட உதவுவது "ஆயெத் கியன்ன", திரும்பச் சொல்லுங்கள். வெட்கப்படாமல் சொல்லுங்கள். உங்களை மல்லி (தம்பி), நங்கி (தங்கை) என்று கூப்பிடுவார்கள். மூத்தவர்களை நீங்கள் அய்யா, அக்கா என்று கூப்பிடலாம். ஒரே அடுப்பின் முன்னால் தினமும் நின்றால் மொழி தானாக வந்து ஒட்டும். என் சிங்களம் முழுவதும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் படித்ததுதான்.

என்னென்ன பத்திரம் வேண்டும்?

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் சான்றிதழ், படித்த வரைக்குமான பெறுபேறு, சில ஹோட்டல்களுக்குப் பொலிஸ் அறிக்கை, வங்கிக் கணக்கு. ஊரிலிருந்து வருகிறவர்கள் கிராம சேவகர் சான்றிதழை எடுத்துக்கொண்டே பஸ் ஏறுங்கள். அதற்காக மட்டும் திரும்பிப் போய் வேலையை இழந்தவர்கள் உண்டு.

உணவைக் கையாளுகிறவர்களுக்கு மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசியும் அதில் வரும். கொழும்பு மாநகர எல்லைக்குள் என்றால் மாநகர சபையின் சுகாதாரப் பிரிவிலும், வெளியே என்றால் அந்தந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திலும் விசாரியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வந்தால் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.

சம்பளம் எவ்வளவு? எத்தனை மணித்தியால வேலை?

நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழே யாராவது பேசினால் சட்டப்படி பிழை. கடைகளில் பல நேரம் தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைக்கும். அறை வாடகை கொடுத்துப் பாருங்கள், அதன் பெறுமதி தெரியும். ஹோட்டல்களில் அடிப்படைச் சம்பளத்தோடு சேவைக் கட்டணத்தில் ஒரு பங்கும் வரும். பில்லில் 10 சதவீதம் என்று போடுவார்களே, அது. நிரந்தரமாகாதவர்களுக்கு அந்தப் பங்கு உண்டா, எத்தனை மாதத்தில் தொடங்கும் என்று சேரும்போதே கேளுங்கள். சீசனில் அந்தப் பங்கு அடிப்படைச் சம்பளத்தையே தாண்டும் இடங்களும் உண்டு.

கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, அதற்கு மேல் செய்தால் மேலதிகக் கொடுப்பனவு. நடைமுறையில் நீங்கள் 10, 12 மணித்தியாலம் நிற்கும் நாட்கள் வரும். நிற்பதில் எனக்குப் புகார் இல்லை, நானும் நின்றவன்தான். ஆனால் நின்ற நேரத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வந்த நேரம், போன நேரம், தேதி.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிப்பார்கள். முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 சதவீதம், அது முழுக்க அவருடைய பங்கு. "சின்னப் பையனுக்கு அதெல்லாம் எதற்கு, கையில் கூடத் தருகிறேன்" என்று சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். வயது போனபின் அந்த நிதிதான் கையில் மிஞ்சும்.

சம்பளம் இல்லாமல் "கொஞ்ச நாள் பழகு" என்கிறார்கள். போகலாமா?

ஒரு நாள், அல்லது ஒரு ஷிப்ட் என்றால் போங்கள். அவர்கள் உங்களைப் பார்ப்பதுபோல நீங்களும் அவர்களைப் பார்க்கலாம். எண்ணெய் எத்தனை தரம் பாவிக்கிறார்கள், ஆட்களோடு எப்படிப் பேசுகிறார்கள், ஊழியருக்கு என்ன சாப்பாடு என்று பாருங்கள்.

அதற்கு மேல் வேண்டாம். நான் வந்த புதிதில் ஒரு கடையில் 16 நாள் அப்படி நின்றேன். காலை 5 மணி முதல் இரவு 10 வரை. பதினேழாம் நாள், "நீ சரிவரமாட்டாய்" என்று ஒரு சாப்பாட்டுப் பார்சலைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த நாள் வேறொரு பையன் அதே மேசையில் நின்றான். காசுக்கு ஆள் வைக்காமல் மாறி மாறிப் பழகுகிறவர்களை வைத்தே அந்தக் கடை ஓடியது என்று பிறகு விளங்கியது. அந்த 16 நாளும் எனக்கு இன்றும் வலிக்கிறது. வீட்டுக்குக் காசு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அதனால் முதல் நாளே கேளுங்கள்: ட்ரயல் எத்தனை நாள், அதற்கு என்ன தருவீர்கள், எப்போது சொல்வீர்கள். சேர்ந்தால் நியமனக் கடிதம் கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தின் தலைமைக் காரியாலயம் இருக்கிறது. நீங்கள் நேரம் எழுதி வைத்த கொப்பி அங்கே பயன்படும்.

பெண்பிள்ளைகள் போகலாமா? வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

போகலாம், போக வேண்டும். ஹோட்டல் கிச்சன்களில் பெண்கள் இன்னும் குறைவுதான். வருகிறவர்களையும் பேஸ்ட்ரிப் பக்கமே தள்ளிவிடும் பழக்கம் இருக்கிறது. பேஸ்ட்ரி விருப்பமென்றால் நல்லது. அடுப்புப் பக்கம் விருப்பமென்றால் அதை முதல் பேச்சிலேயே சொல்லுங்கள், பிறகு மாற்றிக் கேட்பது கஷ்டம்.

வேலைக்குச் சேரும் முன் மூன்று விஷயத்தை நேரே பாருங்கள். உடை மாற்றப் பூட்டுப் போட்ட தனி அறை உண்டா? இரவு ஷிப்ட் முடிந்தால் வாகனம் உண்டா, அது வீட்டு வாசல் வரை வருமா, அல்லது காலி வீதி மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுமா? கிச்சனில் ஏற்கெனவே பெண்கள் இருக்கிறார்களா? இருந்தால் அவர்களில் ஒரு அக்காவோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். அவர் சொல்வதுதான் சரியான தகவல். அம்மா அப்பாவுக்கும் அந்த மூன்று பதிலும் போதுமானதாக இருக்கும். எங்கள் பிரிவில் இருக்கும் தங்கை ஒருத்தி முதல் வாரம் தன் அப்பாவை ஊழியர் வாசல் வரை கூட்டிவந்து காட்டினாள். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"படித்துவிட்டுக் குசினிக்கா?" என்ற கேள்வி ஆண்பிள்ளைகளுக்கும் வரும். அதற்கு வாயால் பதில் சொல்லி வென்றவர்களை நான் கண்டதில்லை. ஆறு மாதம் ஒழுங்காக வீட்டுக்குக் காசு வந்தபின் கேள்வி தானாக நின்றுவிட்டது.

நான் சைவம். மாட்டிறைச்சி வெட்டச் சொன்னால்?

முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். சைவக் கடை, இனிப்புக் கடை, பேஸ்ட்ரி என்று உங்களுக்குப் பொருந்தும் இடங்கள் கொழும்பில் தாராளமாக உண்டு. பெரிய ஹோட்டலில் எல்லாப் பிரிவுக்கும் மாற்றுவார்கள், முழுக்கத் தப்ப முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு சைவ அண்ணன் இறைச்சி சமைப்பார், ருசி பார்க்க மட்டும் பக்கத்தில் நிற்பவரிடம் கரண்டியை நீட்டுவார். எல்லோரும் அதை மதித்தார்கள். தொடவே மாட்டேன் என்பது உங்கள் நிலை என்றால் அதுவும் சரி, சைவக் குசினியைத் தேடுங்கள். சேர்ந்தபின் ஒளித்துத் தவிர்க்க வேண்டாம்.

வயது 35. பிந்திவிட்டதா?

இல்லை. கால், முதுகு தாங்குமா என்று மட்டும் நேர்மையாகப் பாருங்கள். கொமி வேலைக்கு, அதாவது கிச்சனில் செஃப்களுக்கு உதவியாக நிற்கும் ஆரம்ப வேலைக்கு, ஹோட்டல்கள் இளையவர்களைத்தான் பார்க்கும். கடை, கெண்டீன், கேட்டரிங் பக்கம் வயதைப் பெரிதாகக் கேட்கமாட்டார்கள்.

முதலில் கோர்ஸ் படிப்பதா, வேலைக்குப் போவதா?

காசும் நேரமும் இருந்தால் படியுங்கள். கொழும்பு 3, காலி வீதியில் இருக்கும் இலங்கை சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம் 1964இல் தொடங்கியது. இன்றைக்குப் பெரிய கிச்சன்களின் தலைமையில் இருக்கும் பலர் அங்கே படித்தவர்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையும் சமையல் பயிற்சி நடத்துகிறது. வேலைத்தளத்திலேயே பயிலுனராகச் சேர விரும்பினால் நைட்டா என்று சொல்லும் தேசிய பயிலுனர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். தனியார் வகுப்புகளில் காசு கட்டும் முன் அவர்கள் தரும் சான்றிதழ் தேசிய தொழில் தகைமை, அதாவது என்விகியூ மட்டத்தில் வருகிறதா என்று கேளுங்கள்.

காசு இல்லாதவர்கள் வேலைக்குப் போங்கள். சான்றிதழைப் பிறகு எடுக்கலாம். வேலையில் கற்றதையே மதிப்பிட்டு என்விகியூ தரும் முறை இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும், வேலை செய்ததற்கான ஆதாரமும் வேண்டும். நான் 3ஆம் மட்டத்தை அப்படித்தான் எடுத்தேன், ஒரு நாளும் வகுப்பில் உட்காராமல். அதற்காகத்தான் கடிதம், சம்பளச் சீட்டு, நீங்கள் செய்த சாப்பாட்டின் படம் எல்லாவற்றையும் முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வைக்கச் சொல்கிறேன்.

சாப்பாட்டுப் பாதுகாப்பு பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

இதைப் படித்துக்கொண்டு போங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். கொழும்பின் பகல் 30 பாகை, அதாவது ஏறத்தாழ நடுவில். மேசையில் மறந்த பால் கறி ஏன் பின்னேரத்துக்குள் புளிக்கிறது என்பதற்கு விடை அதுதான். கறியை ஒன்றில் சூடாக வைக்க வேண்டும், அல்லது கெதியாக ஆற்றி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். திரும்பச் சூடாக்கினால் உள்ளே 75 பாகை வரை. கோழியும் அப்படியே. சோற்றை வெளியே நெடுநேரம் விட்டால் அதில் வளரும் ஒரு கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

பச்சை இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, மீனுக்கு நீலம், மரக்கறிக்குப் பச்சை. மற்ற நிறங்கள் இடத்துக்கிடம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் பச்சை இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில். முதலில் வந்த பொருள் முதலில் வெளியே.

சுட்டுக்கொண்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, ஐஸ் இரண்டும் வேண்டாம்.

ஏசுவார்கள் என்கிறார்களே?

நெருக்கடி நேரத்தில் குரல் உயரும். "கெதியா!", "இது என்ன வெட்டு?" என்பதெல்லாம் வேலையைப் பற்றியது. "ஹரி செஃப்", அதாவது சரி செஃப், என்று சொல்லிவிட்டுத் திருத்துங்கள், இரவு 11 மணிக்கு அதே மனிதர் உங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தருவார். அம்மாவை இழுத்துப் பேசுவது, இனத்தைச் சொல்லி ஏசுவது, கை நீட்டுவது வேறு. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி யாரும் உங்களுக்குப் புத்தி சொல்ல விடாதீர்கள். சூ செஃப்பிடம் (தலைமை செஃப்புக்கு அடுத்தவர்) அல்லது மனிதவளப் பிரிவிடம் சொல்லுங்கள். அது நடக்காத கடை என்றால் வேறு வேலை பார்த்துக்கொண்டு வெளியே வாருங்கள். கொழும்பில் இன்னொரு குசினி இருக்கும்.

எவ்வளவு காலத்தில் வெளிநாடு போகலாம்?

இரண்டு வருடமாவது ஒரே இடத்தில் நின்ற கடிதம் இல்லாமல் நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். போகும்போது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். முகநூலில் வரும் "உடனடி செஃப் விசா"க்களில் ஊர்ப் பிள்ளைகள் காணியை அடகு வைத்து ஏமாந்ததைக் கண்டிருக்கிறேன்.

சரி, வேலை கிடைத்துவிட்டது. முதல் நாள் எதைக் கொண்டு போவது?

மூடிய கறுப்புச் சப்பாத்து, வழுக்காத அடிப்பகுதியோடு. புறக்கோட்டையில் வாங்கும்போது ஈரத் தரையில் மிதித்துப் பாருங்கள். இரண்டு சோடி பருத்திக் காலுறை. வெட்டிய நகம், மோதிரமும் கைநூலும் இல்லாத கை. கோயில் நூல் என்றால் கழற்ற மனம் வராது, முதல் நாளே செஃப்பிடம் கேட்டுவிடுங்கள். கத்தி வாங்க வேண்டாம், அங்கே இருக்கும். சட்டைப் பையில் கைக்கடக்கமான ஒரு கொப்பியும் இரண்டு பேனையும். ஒன்று அன்றைக்கே யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வெளியேறும்போது பையைச் சோதிப்பார்கள், மிஞ்சிய ரோல்ஸ் ஒன்றைக்கூடக் கேட்காமல் உள்ளே வைக்காதீர்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மதியம் உட்கார எப்போது நேரம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அப்புறம், முந்தின நாளே அதே நேரத்துக்கு ஒரு தரம் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். பஸ்ஸில் வந்து இறங்கி, ஊழியர் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் காலி வீதியில் அங்கும் இங்கும் ஓடி, நான் முதல் நாள் ஏழு நிமிடம் பிந்திப் போனேன்.